சமையல்காரர் நீட்டிய மாத்திரை

என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் படபடப்பு குறைந்ததா? இது முழுக்க என் கையெழுத்து, சிரிக்காதே.

நேற்று என் மாத்திரை தீர்ந்துவிட்டது. என் அறையில் தங்கியிருக்கும் சமையல்காரருக்கும் நெஞ்சுத் துடிப்புக் கோளாறுதான். "ரெண்டும் ஒண்ணுதான், பெருசு. போட்டுக்க" என்று தன்னுடையதை நீட்டினார். இரண்டு அட்டைகளையும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பெயர் வேறு. மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். "உங்களோடது துடிப்போட வேகத்தைக் குறைக்கும், அவரோடது தாளத்தைச் சீராக்கும். மாத்திப் போட்டா ஆபத்து" என்று என்னுடையதையே கொடுத்தார். சமையல்காரர் இப்போது என்னை வாத்தியாரே என்கிறார்.

உன்னுடையது தீர்ந்தால் நீ உன் தங்கையின் நெஞ்சு மாத்திரையை வாங்கிப் போடுவாயே, இனி வேண்டாம். உன் மாத்திரையின் பெயரை எழுதி அனுப்பு. அதற்குக் கீழே இன்னும் நாலு வரி எழுது. வேலைக்கு மணி அடித்துவிட்டது. உன் கடிதத்தைப் படித்துக் காட்ட இனி ஆள் தேட மாட்டேன், அதனால் என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

உன் வீட்டுக்காரன்