முன்பாதி

செவ்வாய், இரவு.

இன்று முதன்முறையாக ஒரு குடல்வால் ஆபரேஷனை எங்கள் சர்ஜரி யூனிட் சீஃப் என்னிடம் கொடுத்தார். நோயாளி, திருவாரூர்ப் பக்கம் நடவு வயலிலிருந்து வலியோடு தூக்கிவரப்பட்ட பெண். பாதியில் ரத்தம் கசிந்ததும் என் கை நின்றுவிட்டது.

"தள்ளிக்கம்மா" என்று சீஃப்பே முடித்தார்.

வெளியே அவள் கணவர் கைகூப்பினார். "நீங்கதான் பண்ணீங்களா டாக்டர்?"

"இல்லைங்க. பாதிக்கு மேல பெரிய டாக்டர்தான்."

"அப்ப முன்பாதி நீங்கதானே" என்றவர் அழுதுவிட்டார். மனைவி நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி அவரைப் பெஞ்சில் உட்காரவைத்தேன்.

ஹாஸ்டலுக்கு வந்ததும் அம்மா போன் செய்தார். மேற்படிப்புக்குக் கிடைத்த தோல் மருத்துவ சீட்டை விட்டுவிட்டு நான் சர்ஜரி எடுத்தது அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"குரலே சரியில்லையேடி. இப்ப மாத்திக்க முடியாதா?"

"முடியாதும்மா" என்றேன். முடிந்தாலும் மாற்றமாட்டேன். அதைச் சொல்லத்தான் தெம்பில்லை.