பதினாலாம் இலக்கம்

ஸ்காபரோ,
3 செப்ரெம்பர் 1995

அன்பின் குலம்,

சுகமா? முழங்கால் எப்பிடி? பேப்பரில் பார்த்திருப்பாய். காசில்லாமல் விளையாடுற எங்கட ரக்பி யூனியன்காரர் போன கிழமை விதியை நீக்கிப்போட்டினம். ரக்பி லீக் எண்ட மற்ற ஆட்டத்தில் காசுக்கு விளையாடின ஆக்களுக்கு இருந்த ஆயுள் தடை இனி இல்லை. எனக்கு முதலில் வந்தது உன்ர நினைவுதான்.

தாங்ஸ்கிவிங் ஞாயிறு காலமை ரூஜ் மைதானத்தில் எங்கட பழைய மாணவர் ஆட்டம். 83 கலவரத்துக்குப் பிறகு பாதி அணி இங்க கனடாவிலதானே இருக்கு. பள்ளிக்கூடத்தில் செய்ததுபோல, தொடங்க முதல் கப்டன் நான் ஜேர்சி இலக்கம் கூப்பிடுவன், ஆளாள் "ஓம்" சொல்லுவினம். அருள்நாயகம் செத்த பிறகு அவன்ர பதினைஞ்சைக் கூப்பிட, பக்கத்தில் நிக்கிறவன் அவனுக்காக "ஓம்" சொல்ல, எல்லாரும் தலை குனியிறம். உன்ர பதினாலைத்தான் இத்தனை வருசமாய்க் கூப்பிடாமல் தாண்டிப் போறம். இந்த முறை நீயே வந்து சொல்லு மச்சான். உனக்கு ஒரு ஜேர்சியும் தைப்பிச்சு வைச்சிருக்கிறன்.

என்றும் உன்,
யேசுரட்ணம்

விட்பி,
11 செப்ரெம்பர் 1995

யேசு,

முழங்கால் ஒஷாவாவில் ஒரு கார்த் தொழிற்சாலையின் சீமெந்துத் தரையில் நாள் முழுக்க நிற்கிறது. கேட்டதற்கு நன்றி.

விதியை நீக்கி என்னை மன்னித்துவிட்டார்களாம். நான் என்ன களவா எடுத்தேன்? யோர்க்ஷயரில் ஒரு சுரங்க ஊருக்கு ஏழு வருடம் ரக்பி லீக் விளையாடினேன். அது என் தொழில். "கறுப்பா, பஸ் ஓட்டப் போ" என்று கத்திய சனம், நான் கோட்டைத் தாண்டி மூலையில் பந்தை ஊன்றி ட்ரை வைத்ததும் அதே வாயால் என் பேரைக் கத்தியது. அதுவும் சரியாக வராமல் "சிங், சிங்" என்று. தோள் எலும்பு இரண்டு தரம் முறிந்தது. முழங்கால் போன அன்று, எனக்கு அதுவரை ஒரு நல்ல சொல் சொல்லாத பயிற்சியாளர் என்னைச் சேற்றிலிருந்து தன் முதுகில் சுமந்துகொண்டு போனார். அந்த வெள்ளையர் ஒருவரும் என்னை மைதானக் கேற்றில் மறிக்கவில்லை.

நீ மறித்தாய். 75 ஆவணியில் லீவில் கொழும்புக்கு வந்தேன். உங்களுக்கு ஒரு ஆள் குறைவு. வெறும் சினேகித ஆட்டம். சப்பாத்துப் பையோடு ஓடி வந்தேன். "நீ காசுக்கு விளையாடினவன். உன்னோட இறங்கினா எங்களுக்கும் தடை. உள்ள வராத" என்றாய். ஒரு ஆள் குறைவாகவே விளையாடித் தோற்றீர்கள். நான் வேலிக்கு வெளியே நின்று கடைசிவரை பார்த்தேன்.

ஜேர்சியை நீயே போட்டுக்கொள். "குலத்தைக் கேற்றில் மறித்தது நான், அது பிழை" என்று எல்லாருக்கும் முன்னால் சொல். சொல்வாய் என்றால் வருகிறேன்.

குலசிங்கம்

ஸ்காபரோ,
20 செப்ரெம்பர் 1995

அன்பின் குலம்,

நீ எழுதினதில் பொய் ஒண்டும் இல்லை. ஆனால் மற்றப் பதின்மூன்று பேரையும் யோசிச்சுத்தான் அப்பிடிச் செய்தனான். கப்டன் வேற என்ன செய்யிறது? அந்தப் பகையை மனிசி பிள்ளையளுக்கு முன்னால் பேசச் சொல்லாத. எனக்குப் பேச்சு வராதெண்டு உனக்குத் தெரியும். ஆனால் இந்த முறை உன்ர இலக்கத்தைத் தாண்ட மாட்டன். அதுக்கு நான் ஒரு வழி செய்வன். கோபத்தை விட்டிட்டு வா மச்சான்.

உன்,
யேசு

விட்பி,
9 ஒக்ரோபர் 1995

யேசு,

நேற்று வந்தேன். நீ என்னைக் காணவில்லை. "கோவத்தைக் கார்லயே வைச்சிட்டு இறங்குங்கோ" என்று சொல்லித்தான் என் மனைவி ரதி அனுப்பினாள். இறங்கி, வேலிக்கு வெளியே நின்றேன். எனக்குப் பழகிய இடம்.

நீ இலக்கம் கூப்பிட்டாய். பன்னிரண்டு. பதின்மூன்று. பிறகு "பதினாலு" என்றாய். உன் குரல் தடக்கியது எனக்குக் கேட்டது. உடனே நீயே "ஓம்" என்றாய். எனக்காக.

உன் வழி அதுதானா? மடையா, அது செத்தவனுக்குச் செய்வது! அத்தனை பேரும் தலை குனிந்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் "ஆர் அது பதினாலு?" என்று கேட்டாள். "ஆரோ குலசிங்கமாம். எப்ப மோசம் போனவரோ தெரியாது" என்றாள் மற்றவள். என்னைப் பார்த்து, கொஞ்சம் விலகி நிற்கச் சொன்னாள். பிள்ளைக்கு மறைக்கிறதாம்.

என் இழவை நானே பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இனி எனக்கு எழுதாதே.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். நீ "பதினாலு" என்றபோது என் ஒரு கால் கேற்றுக்கு உள்ளே இருந்தது. வாய் திறந்திருந்தது. ஒரு மூச்சுப் பொறுத்திருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

குலசிங்கம்