கேட் மிஷினும் என் இருமலும்

அன்பு மகள் கங்காவுக்கு, படப்பையிலேருந்து அப்பா எழுதறது. நானும் அம்மாவும் வேல்ராஜும் சௌக்கியம், அந்தக் குளிர் தேசத்துல நீயும் காதை மூடிக்கினு சௌக்கியமா இருப்பேன்னு நம்பறேன். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இங்க நடந்தது அத்தனையும் இப்படித்தான் ஆகும்னு நான் முன்னாடியே சொன்னதுதான். போன்ல சொன்னா உங்கம்மா பக்கத்துல நின்னு வரிக்கு வரி திருத்துவா, அதான் பேப்பர்ல எழுதி போட்டோ புடிச்சு அனுப்பறேன்.

உன் அத்தை பையன் வேல்ராஜ் நம்ம வூட்டுல தங்கி காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிறானே, தீபாவளிலேருந்தே ஆள் சரியில்ல. டீ கிளாஸைப் புடிச்சா கை ஆடும், ரெண்டாவது தோசையே வேணாம்பான், முகம் பார்த்துப் பேச மாட்டான். அட்டெண்டன்ஸ் குறைச்சல், இப்படியே போனா பரிட்சை எழுத முடியாதுன்னு காலேஜ்லேருந்து லெட்டர் வந்துது. உங்கம்மா காதல்னா, நான் குடின்னேன். பதினாறு வருஷமா ஒரகடம் கம்பெனி கேட்ல செக்யூரிட்டி சூப்பர்வைசரா நின்னு குடிச்சிருக்கானான்னு லட்சம் பேரை மிஷின்ல ஊதச் சொல்லி உள்ளே விட்டவனாச்சே.

ஞாயித்துக்கிழமை அந்த ஊதற மிஷினையே வூட்டுக்கு எடுத்தாந்தேன், மேனேஜரே கெஞ்சிக் குடுத்தார். கேட்ல சூப்பர்வைசர் முதல்ல ஊதிக் காட்டணும், அப்பத்தான் லைன்ல நிக்கறவன் மதிப்பான். அதே மாதிரி உங்கம்மா, வேல்ராஜ் ரெண்டு பேரையும் ஹால்ல லைன்ல நிக்க வெச்சு நான் ஊதினேன். சிவப்பு லைட்டு போட்டுக் கத்திச்சு பாரு, மண்ணூர் வரைக்கும் கேட்டிருக்கும். அன்னிக்கு எனக்கு ஏக இருமல், ஒரு பாட்டில் மருந்து குடிச்சிருந்தேன், அந்த வேகம். இன்னாய்யா, இருமலா, எப்ப வந்துதுன்னா உங்கம்மா. நான் பதில் சொல்றதுக்குள்ள வேல்ராஜ் மிஷினை வாங்கினான், ஆனா ஊதல. மாமா, என்னுதும் கத்தும், காலையில குடிச்சாத்தான் கை நிக்குது, விட்டுப் பார்த்தேன், முடியலன்னு சொல்லிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டான். ஒரு மணி நேரத்துக்குத் திட்டு ரெடி பண்ணி வெச்சிருந்தேன் கண்ணு, மிஷினை வாங்கி ஓரமா வெச்சுட்டு நானும் அவன் பக்கத்துல உக்காந்துட்டேன்.

மறுநாளே பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனேன். இது நோய், வைத்தியம் இருக்கு, தானா திடீர்னு நிறுத்தினா ஆபத்து, இங்க தங்க வெச்சு நிறுத்தலாம்னாங்க டாக்டரம்மா. எவ்ளோ குடிப்பே, எப்பப்போன்னு அவங்க கேட்டதுக்கெல்லாம் வேல்ராஜ் வாயைத் தொறக்கறதுக்குள்ள நானே பதில் சொன்னேன். உங்களுக்கு எப்படி இவ்ளோ கரெக்டா தெரியும்னு அசந்துட்டாங்க. கேட் அனுபவம்னேன். பத்து நாள் வார்டுல இருந்துட்டு வந்தான், இப்ப டீ சிந்தறதில்ல. வியாழக்கிழமை தோறும் கவுன்சிலிங். டாக்டர் சீட்டைக் காட்டினதும் பரிட்சை எழுத விடறோம்னு காலேஜ்ல சொல்லிட்டாங்க.

நீ அவனுக்கு போன் பண்ணு, குடியைப் பத்தி மட்டும் கிளறாத, மேட்ச் பார்த்தியா, சாப்பிட்டியான்னு கேளு. யாராவது விசாரிச்சா கெட்டுப்போயிட்டான்னு சொல்லாத, வைத்தியம் பார்த்துக்கினு இருக்கான்னு சொல்லு. வேளைக்குச் சாப்பிடு, சாமி உன்னை ஒரு குறையும் இல்லாம வெச்சிருக்கும்.

உங்கம்மா திருத்தறதுக்கு முன்னாடி ஒண்ணை நானே திருத்திடறேன். இருமல்னு எழுதினேனே, அது பொய். டாக்டரம்மா அன்னிக்கு ரெண்டு சீட்டு எழுதினாங்க, ஒண்ணு என் பேர்ல. இத்தினி நாளா அதைச் சட்டைப் பையில மடிச்சு வெச்சிக்கினு திரியறேன். வர்ற வியாழக்கிழமை வேல்ராஜ்தான் என்னை இட்டுக்கினு போறான்.

இப்படிக்கு,
இருமல் எதுவும் இல்லாத உன் அப்பா,
நரசிம்மன்