மழை நின்ற பிறகு என்ன, மச்சான்?

என் அன்பு மச்சானுக்கு,

நீ போய் இரண்டு கோடை ஆகிவிட்டது. முதலாளித்துவம் இன்னும் போகவில்லை. "அதுவா நானான்னு பாத்துடறேன்டா மாப்ள" என்று இருமலுக்கு நடுவில் சொல்வாயே, கடைசியில் நீதான் முந்திக்கொண்டாய். இதைச் சொல்லி உன்னை வம்புக்கு இழுக்கவேண்டும்போல் இருக்கிறது. இழுத்தால் திட்டுவதற்கு நீ இல்லை என்பதை நினைத்தால் உன்மேல்தான் கோபம் வருகிறது.

இதை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நம் உறவைச் சொல்லிவிடுகிறேன். நீ மரக்காணம் உப்பளத்தில் ஆயுசெல்லாம் உப்பு வாரியவன், சங்கத்து ஆள். நான் உன் தங்கச்சி மல்லிகாவைக் கட்டியவன், குட்டியானை லோடு வண்டி வைத்து உப்பு மூட்டை ஏற்றி ஓட்டுகிறவன். சொந்த வண்டி வாங்கிய அன்றைக்கே "வாங்க முதலாளி" என்று ஆரம்பித்தாய். பிறகு என் பெயரையே மறந்துவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு முடிந்ததும் நமக்குச் சண்டை. இந்த அமைப்பு ரொம்ப நாள் நிற்காது, தன் பாரத்திலேயே சரிந்துவிடும் என்பாய். "சரிஞ்சா என்னா வரும்? அதச் சொல்லு முதல்ல" என்பேன். அதற்கு நீ புத்தகத்தைக் காட்டமாட்டாய், உப்பளத்தைத்தான் காட்டுவாய். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மழை கறுத்துவிட்டால் அவரவர் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் எந்தக் குவியல் இருக்கிறதோ அதைக் கீற்றுப் போட்டு மூடுவார்கள். யாருடைய உப்பு என்று யாரும் கேட்பதில்லை. காலையில் கூலிக்காக மல்லுக்கு நின்ற முதலாளியின் குவியலையும் அப்படித்தான் மூடுவீர்கள்.

"பாத்தியா, மழை வந்தா எவனும் முதலாளி இல்ல, எவனும் கூலி இல்ல."

"சரி, மழை நின்ன பிறகு?"

ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் நீ சிரித்துவிடுவாய். "அதத்தான் யோசிச்சிக்கினு இருக்கேன்" என்று பீடியைத் தேடுவாய். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து எழுந்து கை கழுவப் போவேன்.

இப்போதைய சேதி கேள். ஆரோவில் பக்கம் புதிதாக ஒரு கடை வந்திருக்கிறது. நம் உப்பைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, கழுத்தில் சணல் கயிறு கட்டி, கையால் வாரியது என்று எழுதி விற்கிறார்கள். நான் இறக்கிவிட்டு வந்த மூட்டைதான் அது. என்னாலேயே அதை வாங்க முடியாது. உன் கைகளில் உப்பு தின்ற புண்ணைக்கூட அழகாக்கி விற்கத் தெரிந்த ஒன்று எப்படி மச்சான் அவ்வளவு சீக்கிரம் விழும்? இந்தக் கேள்வி கொஞ்ச நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

நல்ல சேதியும் உண்டு. நீ ஆசைப்பட்டபடியே நம் ஆட்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து உப்புப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்துவிட்டார்கள். மேலே முதலாளி என்று ஆள் கிடையாது. வந்ததைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். முன்னால் நிற்பது யார் தெரியுமா? உன் பெண்டாட்டி தனம் அக்காதான். உன் கூட்டங்களுக்கு டீ போட்டுப் போட்டுச் சலித்துக்கொண்ட அதே அக்கா. உன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டுதான் தினம் வேலைக்குப் போகிறது.

இனிமேல் சொல்லப்போவது உனக்குப் பிடிக்காது.

சித்திரைக் கடைசியில் ஒரு மத்தியானம். நம் கூட்டத்தின் மூட்டைகளை வண்டியில் ஏற்றி முடித்திருந்தோம். பெருமுக்கல் மலைப் பக்கம் திடீரென்று கறுத்தது. காற்று திரும்பியது. எல்லாரும் ஓடினார்கள். ஆனால் அவரவர் நின்ற இடத்துக் குவியலுக்கு ஓடவில்லை. வரப்பு தாண்டி, பக்கத்துக் குவியலையும் தாண்டி, நம் கூட்டத்துக் குவியல்களுக்கு மட்டும் ஓடினார்கள்.

அந்தப் பக்கத்துப் பாத்தி திண்டிவனத்து முதலாளி ஒருவருடையது. அங்கே கூலிக்கு நிற்பவள் கஸ்தூரி. தனியாகக் கீற்றை இழுத்துக்கொண்டு, "தனம் அக்கா, ஒரு கை குடுங்கக்கா!" என்று கத்தினாள். அக்கா திரும்பவில்லை. ஒருத்தரும் திரும்பவில்லை.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. வண்டியிலிருந்த தார்ப்பாயை உருவிக்கொண்டு நான் ஓடினேன். நானும் கஸ்தூரியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து அந்தக் குவியல்மேல் போட்டோம். பாதிக்குத்தான் எட்டியது. மீதி எங்கள் கண் முன்னாலேயே கரைந்து வாய்க்காலுக்குப் போனது. திரும்பிப் பார்த்தால் என் வண்டியில் நம் மூட்டைகள் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருந்தன.

ஏழுமலையை உனக்குத் தெரியும், நீ உப்பு வாரிய பாத்திக்கு அடுத்ததில் வாரியவன், இப்போது நம் கூட்டத்து ஆள். என் சட்டையைப் பிடிக்காத குறைதான். "ஏம்பா, எங்க மூட்டைய நனையவுட்டுட்டு எவனோ முதலாளி உப்ப மூடுறியே, உனுக்கு அறிவிருக்குதா?"

உன்னோடு அத்தனை வருஷம் எதிர்க்கட்சி பேசிய நான் உன் வழக்கத்தைச் செய்தேன். உன் கொடியைப் பிடித்தவர்கள் செய்யவில்லை. ஆனால் ஏழுமலை கேட்டதும் சரிதானே? நான் காப்பாற்றப் போனது ஒரு முதலாளியின் உப்பைத்தானே? நீ இருந்தால் யார் பக்கம் பேசியிருப்பாய்?

சாயங்காலம் அக்கா வீட்டு வாசலில் நின்றேன். கோபமாகத்தான் போனேன். அக்கா துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னது: "முன்னாடி எந்தக் குவியல் கரைஞ்சாலும் நம்மளுது இல்ல தம்பி. அதனால எத வேணா மூடுனோம். இப்ப நம்மளுது. அவ கூப்பிட்டது காதுல விழுந்துச்சி. காலு வரல." பிறகு முகத்தை அந்தத் துண்டிலேயே துடைத்துக்கொண்டது. அழுததா என்று நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து என் மனது ஒரு நிலையில் இல்லை. முதலாளியை அனுப்பிவிட்டு அவன் பயத்தை மட்டும் நாம் வாங்கி வைத்துக்கொண்டோமா? உடைமை வந்தால் கை சுருங்கும் என்றால், நீ சொன்ன அந்த அடுத்தது எப்படி மச்சான் வரும்? மல்லிகாவிடம் கேட்டால், "எங்க அண்ணன் போயும் உன்ன நிம்மதியா வுடல" என்கிறாள்.

கதை அதோடு முடியவில்லை. அந்த முதலாளி இந்த வருஷத்துக்குப் போதும் என்று உப்பு எடுப்பதை நிறுத்திப் பாத்தியை அப்படியே விட்டுவிட்டார். கஸ்தூரிக்கு வேலை போனது. நம்மிடமே வேலை கேட்டு வந்தாள். அதற்காகப் போன வாரம் உப்பளத்துக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். நனைந்த மூட்டைக்கு நானும் பதில் சொல்லவேண்டியிருந்ததால் என்னையும் கூப்பிட்டார்கள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

அக்கா நேராக ஆரம்பித்தது. "கூலிக்கு ஆள் வச்சா நாமளும் முதலாளிதான். கஸ்தூரி பங்குக்கு வரட்டும்."

ஏழுமலை எழுந்துவிட்டான். "அப்ப என் பாத்தியப் பிரிச்சிக் குடு. நான் தனியா பாத்துக்கறேன்." அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு தலைகள் ஆடின. அவர்கள் போனால் குத்தகை நிற்காது. நீ கனவு கண்ட கூட்டம் அந்த நிமிஷமே உடைந்துவிடும்போல் இருந்தது.

அப்போது ஓரமாக உட்கார்ந்திருந்த கஸ்தூரி வாயைத் திறந்தாள். "எனுக்குப் பங்கு வேணாக்கா. தெனக்கூலி குடுங்க, போதும். பங்குன்னா மழை பேஞ்சா எனுக்கும்தான நஷ்டம்? அன்னிக்கி கரைஞ்சி போனதப் பாத்தவ நான். என் புள்ளைங்களுக்கு அன்னன்னிக்கிச் சோறு வேணும்."

மச்சான், நீ அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும். விடுதலை வாங்கிக்கொள் என்று கொடுக்கிறோம், வேண்டாம், கூலி கொடு என்கிறாள். அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அங்கே யாராலும் முடியவில்லை. அக்கா என்னைப் பார்த்தது. "உங்க மச்சான் இருந்தா என்னா சொல்லியிருப்பாரு தம்பி?" என்றது. "பீடியத் தேடியிருப்பாரு" என்றேன். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. ஏழுமலைக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் உட்காரவில்லை.

பிறகுதான் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. யார் முதலில் சொன்னார்கள் என்றுகூட நினைவில்லை. கஸ்தூரிக்கு மட்டும் ஏன் கூலி, எல்லாரும் முதலில் ஒரே அளவாகத் தினக்கூலி எடுத்துக்கொள்வோம். மீதியில் மழைக்கென்று ஒரு பங்கை ஒதுக்குவோம். யார் குவியல் கரைந்தாலும் அதிலிருந்து ஈடு. அதற்கும் மேலே மிஞ்சினால் பிரித்துக்கொள்வோம், கஸ்தூரிக்கும் சேர்த்து. ஒரு பருவம் பார்ப்போம், ஒத்துவரவில்லை என்றால் கலைத்துவிடுவோம். அப்போது ஒரு பெண் கேட்டாள்: "அப்ப பக்கத்துப் பாத்திக்காரன் குவியல்?" ஏழுமலை, "அதெல்லாம் மூட முடியாது" என்றான். அக்கா, "மூடணும்" என்றது. மறுபடியும் சத்தம்.

எனக்குக் காது வலித்தது. வண்டியை மூடிவிட்டு வந்தோமா என்ற சந்தேகத்தில் கொட்டகைக்கு வெளியே தலையை நீட்டினேன். மேலே ஒரு பொட்டு மேகம் இல்லை. பாத்திகளில் தேங்கிய தண்ணீரில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மழை எப்போது நின்றது என்றே தெரியவில்லை. உள்ளே திரும்பிப் பார்த்தேன். ஒருத்தரும் எழுந்து போகவில்லை. ஏழுமலை எப்போதோ கஸ்தூரிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, விரலை நீட்டி நீட்டி அக்காவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

மழை நின்ற பிறகு என்ன என்று உன்னை எத்தனை தரம் மடக்கியிருப்பேன்! மழை நின்றும் ஒருத்தரும் கலையவில்லை என்று உன்னிடம் உடனே சொல்லவேண்டும்போல் இருந்தது. சொல்ல ஆள் இல்லாமல் வண்டி ஓரமாகப் போய் நின்று அழுதேன். உனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும்.

நீ ஜெயித்துவிட்டாய் என்று சொல்லமாட்டேன், அவ்வளவு சுலபமாக விட்டுவிடுவேனா? இந்த ஏற்பாடு ஒரு பருவம்கூடத் தாங்காமல் போகலாம். ஜாடி விற்கிறவன் நாளைக்கு இந்தக் கூட்டத்தையும் சேர்த்து விற்கலாம். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். அந்தக் கேள்வியை இனிமேல் உன்னை மடக்குவதற்குக் கேட்கமாட்டேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய் அவர்களோடு உட்கார்ந்து கேட்பேன். மழை வந்தால் பக்கத்தில் நிற்கிற குவியலை மூடுவேன், அது எவனுடையதாக இருந்தாலும். இரண்டாவது தார்ப்பாய் வாங்கி வண்டியில் போட்டுவிட்டேன்.

நீ 'முதலாளி' என்று கூப்பிட்டு வெறுப்பேற்றிய,
உன் தங்கச்சி புருஷன்
சேகர்