நாற்பத்தெட்டு கிலோ, காலை ஒன்பது மணி

மார்ச் 4, செவ்வாய்

விடிகாலையிலேயே புழுக்கம். காற்று துளியும் இல்லை. ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு மாமல்லபுரம் கரையில் ஓட்டம். வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். "மழையே காணோம், கோட்டு இன்னாத்துக்குமா?" வேர்க்கத்தான் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை செங்கல்பட்டில் மாவட்ட குத்துச்சண்டைப் போட்டி. அதற்குள் இன்னும் ஒன்றரை கிலோ இறங்க வேண்டும்.

ஹோட்டலில் மாடி ரூம்கள் முழுக்க என் தலையில். ஒரு ரூமில் பாதி தின்ற பூரி. கிழங்கு வாசனை. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் பெட்ஷீட் மாற்றினேன்.

மத்தியானம் சங்கச் செயலாளர் போன். அடுத்த வருஷத்திலிருந்து மாவட்டத்தில் பெண்களுக்கு 48 கிலோ கிடையாதாம். "ரெண்டே பேருதான் கீறீங்க. நீயும் அந்த திருவிடந்தைப் பொண்ணும். ரெண்டு பேருக்கோசரம் ஒரு பிரிவு நடத்த முடியுமா?" 51இல் சேரச் சொல்கிறார். 51இல் நிற்பவர்கள் எல்லாம் 57இலிருந்து பட்டினி கிடந்து இறங்கியவர்கள். என் தலை அவர்கள் தோளுக்கு வந்தால் பெரிது. வயது இருபத்தொன்பது ஆகிறது. முட்டி வலிக்கிறது. போதும்.

ஆக, இதுதான் கடைசி. சேவியரிடம் சொல்லவில்லை. சொன்னால் கடமைக்கு வருவான். (ஒரே வகுப்பில் படித்த புருஷன். கல்யாணத்துக்குப் பிறகும் 'அவர்' என்று வாயில் வரவில்லை, எழுதவும் வரவில்லை.)

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு டூட்டி. தவக்காலமும் எடைக் குறைப்பும் சேர்ந்து வந்துவிட்டன. கோயிலில் அம்மாவின் தோழி கன்னத்தைத் தொட்டு, "எம்மாம் பக்தி பாரு, ஒட்டிப் போய்ட்ட" என்றாள். திருத்தவில்லை. ஆண்டவரும் சங்கமும் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

வாங்க: கைக்கட்டுத் துணி, வாசலின், சேவியருக்கு ஷேவிங் பிளேடு.

சேவியர் ஐ.டி. கம்பெனி கேப் ஓட்டுகிறான். ராத்திரி ஷிப்ட். காலை ஏழுக்கு வந்து விழுந்தால் மூன்று மணி வரை கட்டை. எந்தப் போட்டியிலும் குறைந்த எடைதான் முதலில். ஒன்பது மணிக்கு நாங்கள் அடிக்கும்போது நாற்காலி அடுக்குகிறவர்கள் மட்டும் இருப்பார்கள். சாயங்காலம் பெரிய எடைகள். அப்போது விசில், மாலை, சீஃப் கெஸ்ட். நான் ஜெயித்த கப்புகளைச் சேவியர் பார்த்திருக்கிறான். நான் அடித்து ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

போன வருஷம் பேப்பரில் வந்தது: "48 கிலோ பிரிவிலும் போட்டிகள் நடைபெற்றன." பேர்கூட இல்லை.

மார்ச் 6, வியாழன்

தண்ணீர் நிறுத்தியாச்சு. எதைப் பார்த்தாலும் எரிச்சல். குக்கர் விசிலுக்குக்கூட.

சேவியரிடம் கேட்டேன். "நாளைக்கு வாயேன்." முகத்தைப் பார்த்தான். "சரி, ஷிப்டு முடிச்சுக்கினு நேரா வர்றேன். தூங்கிட்டன்னா எழுப்பு." சின்ன விஷயம். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன். உடம்பில் இல்லாத தண்ணீர் கண்ணுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறதோ.

எதிரில் அந்தத் திருவிடந்தைக் கலைவாணி. வேறு யார்? இத்தனை வருஷமாக அவள் ஒரு தடவை ஜெயித்தால் அடுத்த தடவை நான். இடது கைக்காரி. முதலில் வருவது வெறும் ஆட்டம் காட்டல். அதற்கு நாம் கையைத் தூக்கினால் விலாவில் இறங்கும் பார், அப்போதுதான் அடி. மண்ணில் ஓடி வளர்ந்த கால், சத்தமே வராது. இவளைப் போல ஒருத்தியை மாநிலப் போட்டியில்கூட நான் பார்க்கவில்லை. இதை யாரிடம் சொன்னாலும் "எந்தக் கலைவாணி?" என்கிறார்கள். எனக்கே கோபம் வருகிறது, அவளுக்கு வருவதில்லை.

ஐப்பசியில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாமியார் வீட்டிலிருந்து வரும் முதல் போட்டி இது.

மார்ச் 7, வெள்ளி

எல்லாம் எழுதிவிட வேண்டும். கை வீங்கியிருக்கிறது, எழுத்து கோணல்.

ஏழு மணி. ஸ்கூல் கிரவுண்டில் எடை பார்த்தார்கள். நான் சரியாக இருந்தேன். கலை ஏறினாள். இருநூறு கிராம் கூட. மறுபடி ஏறினாள். அதே. ஒரு மணி நேரத்தில் குறைக்காவிட்டால் ஆட்டம் கிடையாது, நான் ஜெயித்ததாக எழுதிவிடுவார்கள். ரெஃபரி என் கையைத் தூக்குவார், எதிரில் யாரும் இருக்க மாட்டார்கள். சேவியர் அதைப் பார்க்கத்தான் தூக்கத்தை விட்டு வருகிறானா?

கலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "வுடு ஸ்டெல்லாக்கா. உனக்குத்தான மெடலு, எட்துக்கினு போ."

"மெடலா? உன்ன அடிக்கத்தாண்டி ஒரு மாசமா பட்டினி கெடக்கறேன்."

அப்போதுதான் அவள் கொண்டையைப் பார்த்தேன். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். இடுப்பு வரை முடி அவளுக்கு. அவிழ்த்தேன். துவைத்த பெட்ஷீட் போலக் கனம். எண்ணெய், சீயக்காய், எல்லாம் அதிலேயே.

கலையின் மாமியார் பையோடு பக்கத்தில் நின்றார். "வெள்ளிக்கிழமையாச்சே. தல முழுவாம பொண்ண எப்டிமா வூட்ட வுட்டு அனுப்பறது?"

"அம்மா, அந்தத் தண்ணிதான் எடை" என்றேன்.

அம்மாளுக்கு முகம் செத்துவிட்டது. அடுத்த நொடி முந்தானையை உருவி மருமகள் தலையைப் பிழிய ஆரம்பித்தார்.

கிரவுண்டிலேயே ஒரே ஒரு ஃபேன். அது மேடையில், சீஃப் கெஸ்ட் சோபா முன்னால். கலையை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தேன். செயலாளர் ஓடி வந்தார். "யம்மா, அது சீஃப் கெஸ்ட் சோபா! ஈரமாய்டும்!"

மாமியார் திரும்பினார். "அவரு வந்துட்டாரா?"

"சாயங்காலம்தான்..."

"அதுக்குள்ள காஞ்சிடும், போய்யா."

ரிங்குக்குப் பூஜை போட்ட தட்டில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. அதையும் எடுத்து வந்து முடிக்கடியில் காட்டினார். நான் ஒரு பக்கம் சிக்கெடுத்தேன், அவர் ஒரு பக்கம். இன்னும் கொஞ்ச நேரத்தில் நான் குத்தப்போகிற தலை. கலை அந்தச் சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். நக நுனியில் கல்யாண மருதாணி இன்னும் போகவில்லை.

மறுபடி ஏறினாள். முள் நாற்பத்தெட்டில் நின்றது. மாமியார் தராசைக் கும்பிட்டார்.

ஒன்பதுக்கு ரிங். காலி நாற்காலிகள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த சமையல்காரர், மாமியார், செயலாளர். சேவியர் இல்லை. முதல் ரவுண்டு முழுக்க கேட்டையே பார்த்து இரண்டு வாங்கினேன். புத்தி கெட்டவள். இரண்டாவது ரவுண்டில் கேப் யூனிஃபார்ம் ஒன்று ஓடி வந்தது. அதற்கப்புறம்தான் கையே வேலை செய்தது.

மூன்றாவது ரவுண்டு. இப்படி நான் ஆடியதில்லை. அவளும் ஆடியதில்லை. என் வலது அவள் தாடையில் சுத்தமாக விழுந்தது. பின்வாங்காமல் சிரித்தாள். பிறகு அந்த ஆட்டம் காட்டல். தெரிந்தே கையைத் தூக்கினேன். விலாவில் இறங்கியது. பத்து வருஷமாகத் தெரிந்த அடி, தடுக்க முடியவில்லை.

கலை ஜெயித்தாள். பாயிண்டில். வருத்தம் இருக்கிறது, இல்லையென்று எழுதினால் பொய். இறங்கியதும் மாமியார் இரண்டு பேர் முகத்தையும் ஒரே முந்தானையால் துடைத்தார். சாம்பிராணி வாசனை.

பைக்கில் திரும்பினோம். திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு டீக்கடையில் சேவியர் வண்டியை நிறுத்தினான்.

"அந்தப் பொண்ணு இன்னாமா அடிக்குது! நீயும்தான். நான் எதோ வெளாட்டுனு நெனச்சுக்கினு இருந்தேன். இம்மாம் நாளா இதெல்லாம் எங்க நடந்துச்சு?"

"காலைல ஒன்பது மணிக்கு. நீ தூங்கிக்கினு இருந்த."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டான். நான் பட்டென்று சொல்லியிருக்க வேண்டாம்.

மார்ச் 8, சனி

விலா வலி. குனிந்து பெட்ஷீட் செருக முடியவில்லை. வெயில். இரண்டு செக்-அவுட், ஒரு ரூமில் மெத்தை முழுக்க மணல்.

வயிறு நிறையச் சோறு, கருவாட்டுக் குழம்பு. தவக்காலம் ஞாபகம் வந்தது. சாப்பிட்ட பிறகு.

பேப்பரில் பெரிய எடை ஆள் போட்டோ, மாலையோடு. அந்தச் சோபாவில் சீஃப் கெஸ்ட். எங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை, போன வருஷ வரிகூட.

கலை போன் செய்தாள். தாடை வீங்கியிருக்கிறதாம். மாமியார் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். அடுத்த வருஷம் போட்டி வெள்ளிக்கிழமை வந்தால் வியாழனே தலைக்கு ஊற்றிவிடலாம் என்று முடிவெடுத்திருக்கிறாராம். "48 எடுத்துட்டாங்கனு அதுகிட்ட சொல்ல வாய் வர்ல அக்கா."

சேவியர் இன்று மூன்று மணிக்கு முன்னாலேயே எழுந்துவிட்டான். அடுத்த வருஷம் கேப் டிரைவர் பசங்க எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருவானாம். ஷிப்ட் முடித்து நேராக. முதல் வரிசை முழுக்க அவர்கள்தானாம்.

"ஒன்பது மணிக்குத்தான?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன்.