ஐஸ் பெட்டியும் நீல மையும்

கங்கைகொண்டான்
3 ஏப்ரல் 2025

அன்புள்ள செல்வி,

வெயிலைத் தவிர இங்கே எல்லாம் நலம். நீயும், நீ ரத்தம் எடுக்கிற மாடுகளும் நலமா?

நீ கேட்ட மூன்றாம் தொகுப்புப் புரதம் இந்தப் பெட்டியில் இருக்கிறது, பன்னிரண்டு குப்பி. நாள்பட்ட நோயில் சோர்ந்துபோன மாட்டின் எதிர்ப்பு அணுக்களுக்கு விழுந்திருக்கும் பிரேக்கை இது எடுத்துவிடும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாய். அதைத் தயாரித்துக் கொடுக்கிறவளின் பெயரை மட்டும் சொல்வதில்லை.

பேக்கிங் அறையில் போன் கூடாது. அதனால் வழக்கம்போல ஐஸ் பைக்கு மேலே கடிதம். ஜனவரியில் பேருந்து தாழையூத்தில் இரண்டு மணி நேரம் நடுவெயிலில் பழுதாகி நின்று, ஐஸ் உருகி, குப்பிகளோடு என் கடிதமும் வீணானதை இன்னும் சொல்லிக்காட்டுகிறாய். பால்பாயிண்டில் எழுதச் சொல்கிறாய். வாப்பா வாங்கித் தந்த மைப்பேனாவை நான் விடமாட்டேன்.

பெருநாள் விடுப்பு முடிந்து நேற்றுதான் வந்தேன். வேலை குவிந்து கிடக்கிறது.

உன் தோழி,
ஃபர்ஹத்


திருநெல்வேலி
17 ஏப்ரல் 2025

ஏட்டி ஃபர்ஹத்,

காலிப் பெட்டியோடு கெட்ட செய்தி வருகிறது. மூன்றாம் தொகுப்பு வேலை செய்யவில்லை. ஆறு மாட்டு ரத்தத்தில் போட்டுப் பார்த்தேன், ஓர் அணுகூட விழிக்கவில்லை. போன தொகுப்புக்குத் துள்ளிய அதே ஆறு மாடுகள்!

எங்கள் ஆய்வகத் தலைவர் மேடம் காரணம் கேட்டார். பேருந்து நிலையத்தில் பெட்டியை இறக்கி எடுத்துவரும் சுடலைமணி அண்ணாச்சி அன்று இரண்டு மணி நேரம் தாமதம். "சைக்கிள் பஞ்சரும்மா. பெட்டிய நெழல்லதான் வச்சிருந்தேன், சத்தியமாச் சொல்லுதேன்" என்றார். நான் நம்பவில்லை. வெயிலில் போட்டுவிட்டார் என்று கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினோரு வருடமாக இருக்கிறவரை நிறுத்திவைத்திருக்கிறார்கள். மே 2, வெள்ளிக்கிழமை விசாரணை. வேலை போய்விடும் என்றுதான் பேச்சு.

நேற்று அவர் மனைவி வடிவம்மாள் ஆய்வக வாசலில் வந்து நின்றார். "எங்க வீட்டு ஆளு பொய் சொல்ல மாட்டாவ தாயி" என்று மட்டும் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் பக்கம் கோளாறு ஒன்றும் இல்லையே? நீ சொன்னால் எனக்கு நிம்மதி.

பொன்செல்வி


கங்கைகொண்டான்
21 ஏப்ரல் 2025

செல்வி,

புதுத் தொகுப்பு அனுப்பியிருக்கிறேன். எங்கள் பக்கம் எல்லாம் சரிதான், தாள்களைப் பார்த்துவிட்டேன். இந்த வெயிலில் பெட்டி என்ன பாடுபட்டிருக்கும் என்று உனக்கே தெரியும். நீ எழுதிக் கொடுத்ததில் தப்பில்லை. அண்ணாச்சிக்கு வேறு இடம் கிடைக்காமலா போகும்?

வேலை நெருக்குகிறது. மற்றவை பிறகு.

ஃபர்ஹத்


திருநெல்வேலி
29 ஏப்ரல் 2025

ஃபர்ஹத்,

புதுத் தொகுப்பு ஆறு மாட்டிலும் வேலை செய்கிறது. எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

உன் கடிதங்களை மேசையில் பரப்பி வைத்திருக்கிறேன். ஜனவரிக் கடிதத்தில் உன் பெயரைக்கூடப் படிக்க முடியவில்லை, எல்லாம் நீலத் தண்ணீர். ஏப்ரல் 3 கடிதமும் அதே ஐஸ் பைக்கு மேலேதான் இருந்தது. அதில் ஒரு புள்ளிகூடக் கலையவில்லை. அன்று பெட்டியில் ஐஸ் உருகவே இல்லை ஃபர்ஹத். அண்ணாச்சி சொன்னது நிஜம்.

பெட்டியைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்தவள் நான். படித்துச் சிரித்தவளும் நான். அப்புறம் அதே கையால் அவர்மேல் பழி எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.

குப்பிகள் உன்னிடமிருந்து கிளம்பும்போதே கெட்டிருந்தன. உனக்கு அது தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல். நான் எழுதியதை வெள்ளிக்கிழமை திரும்பப் பெறுவேன். ஆனால், "அப்பொ எங்கனதான் கெட்டுது?" என்று கேட்பார்கள். பதில் இல்லாவிட்டால் பழி மறுபடியும் அவர் தலையில்தான் விழும்.

பொன்செல்வி


கங்கைகொண்டான்
30 ஏப்ரல் 2025

செல்வி,

தெரியும்.

பெருநாளுக்கு முந்தின மாலை இங்கே கரன்ட் போயிருக்கிறது. ஜெனரேட்டர் அறைச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு நான் மேலப்பாளையம் போயிருந்தேன். காவலாளி ஆறு முறை போனில் கூப்பிட்டார். இரண்டு கையிலும் மருதாணி. அப்புறம் பேசலாம் என்று இருந்துவிட்டேன், பிறகு மறந்தும் போனேன். மறுநாள் மாலைதான் கரன்ட் வந்திருக்கிறது. நான் திரும்பி வந்தபோது ஃப்ரீசரில் உருகிய குப்பியெல்லாம் மறுபடி உறைந்து, பார்க்கச் சரியாகவே இருந்தது. ஃப்ரீசரின் வெப்பநிலைத் தாள்தான் நடந்ததைக் காட்டியது. அதை நான் கிழித்துப் போட்டேன். வேலைக்குச் சேர்ந்து ஐந்தே மாதம், பயந்துவிட்டேன். அண்ணாச்சியைப் பற்றி நீ எழுதிய பிறகும் பயம்தான் ஜெயித்தது. அவருக்கு வேறு இடம் கிடைக்கும் என்று எழுதிய வரியை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

யாரிடமும் காட்டாதே என்று முதலில் ஒரு கடிதம் எழுதினேன். அதையும் கிழித்துவிட்டேன். இன்று மதியம் எங்கள் மேலாளரிடம் சொல்லிவிட்டேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

இதைப் பால்பாயிண்டில் எழுதியிருக்கிறேன், பார்த்திருப்பாய். அண்ணாச்சி இல்லாமல் பெட்டியை யார் இறக்குவார்களோ, எவ்வளவு நேரம் வெயிலில் கிடக்குமோ. ஐஸ் உருகினாலும் எழுத்து நிற்கும். வெள்ளிக்கிழமை அவரையும் வடிவம்மாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுதும் வாசி. என் பெயரையும் சேர்த்து வாசி.

தோழி என்று போடத்தான் இன்று கை வரவில்லை.

ஃபர்ஹத்