வனத்துச் சின்னப்பருக்கு வைத்த பாதி ரொட்டி

கருவடிக்குப்பம்,
புதுச்சேரி.
தை மாதம், செவ்வாய்க்கிழமை

சர்வேசுரனுக்குத் தோத்திரம்.

அன்பு மகன் பவுலினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ அங்கே பிரெஞ்சு தேசத்தில் உடம்பாலும் மனசாலும் தேறி வர வேண்டும் என்று ஜெபமாலை முடிகிறபோது உனக்கென்று தனியாக ஒரு அருள்நிறை மந்திரம் சேர்த்துச் சொல்லி வருகிறேன். நாங்கள் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, அப்படி எழுதியே பழகிவிட்டது, ஆனால் இந்தத் தடவை அது பொய்யாகிவிடும். அப்பாவுக்குக் கார்த்திகை மாதம் வாதம் வந்துவிட்டது. வலது கையும் காலும் விழுந்து வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. பதறாதே, உட்கார்ந்து படி. இப்போது காலை இழுத்து இழுத்து நடக்கிறார், கைதான் சொன்னபடி கேட்கவில்லை, பேச்சும் குழறுகிறது, அவர் சொல்வது எனக்கு மட்டும்தான் புரிகிறது. பக்கத்து வீட்டுக் கரீமாவின் மகன் உஸைர் தன் ஆட்டோவில் வைத்து வாரத்துக்கு இரண்டு நாள் கைப்பயிற்சிக்குக் கூட்டிப்போகிறான், கூடப்பிறந்தவன் மாதிரி தூக்கி இறக்குகிறான். மழையில் பின்கட்டுக் கூரை ஒழுகியதைக்கூட அவன்தான் ஏறி அடைத்துக்கொடுத்தான்.

இதையெல்லாம் போனில் சொல்லத்தான் பார்த்தேன், நீ எடுத்தால்தானே. அது அடித்து அடித்துத் தானாக நின்றுபோகிறது. வாட்ஸப்பில் குரலைப் பதிந்து அனுப்புங்கள் என்று கரீமா சொன்னாள், தகப்பன் விழுந்த சேதியை அப்படி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, நீ அதைத் திறக்காமலே விட்டுவிட்டால் என்ன செய்வேன் என்ற பயமும்தான். பொங்கல் லீவில் வந்த அரிகிருஷ்ணன், உன்னோடு அதே ஓட்டல் சமையல்கட்டில் வேலை செய்கிற பிள்ளை, நம் வீட்டைத் தேடி வந்தான். அவன் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். உன்னைப் பற்றிக் கேட்டேன். முதலில் நல்லா இருக்கான்மா என்றான், காப்பி குடித்து முடிக்கிற வரைக்கும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகுதான் சொன்னான், வேலைக்கு வரான்மா, ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறான், முடிஞ்சதும் ரூமுக்குப் போய்க் கதவ சாத்திக்கிறான், சோறு எடுத்துட்டுப் போனா வெளியவே வச்சிட்டுப் போடாங்கிறான், காலைல பாத்தா வச்சது வச்சபடி இருக்குது என்று. அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாசி வந்தால் என் மருமகள் கொலேத் போய் ஒரு வருஷம் ஆகிறது. அவளை மண்ணில் வைக்கிறபோது உன் பக்கத்தில் நிற்க எங்களில் ஒருவருக்கும் கொடுத்து வைக்கவில்லை, விசா வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வேதனை எனக்கு ஆறவே இல்லை தம்பி. பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற வசதியான வீட்டுப் பெண் நம் வீட்டில் எப்படி இருப்பாளோ என்று நினைத்தேன், அவள் என்னடாவென்றால் வந்த மறுநாளே கருவாட்டுக் குழம்பு கேட்டாள். நீ ஒருவன் மட்டும்தான் அவளுக்காக அழுகிறாய் என்று நினைத்துக்கொள்ளாதே.

அப்பா பிறந்த ஊரில் வனத்துச் சின்னப்பர் திருநாள் முடிந்தது, அதைத்தான் உனக்கு முக்கியமாக எழுத வேண்டும். கல்யாணமான வருஷம் நாம் எல்லோரும் போனபோது கொலேத்துக்கு நான் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன், நீ பக்கத்தில் நின்று சிரித்தாய். ஓலை உடுத்திக்கொண்டு காட்டுக் குகையில் இருந்த சாமிக்குக் காக்கை தினம் பாதி ரொட்டி கொண்டுவந்து போட்டது, அதனால் நம் ஊரில் வீட்டுக்கு ஒரு ரொட்டி, வெளியூரில் ஆள் இருக்கிற வீட்டுக்காரர் அதைப் பிட்டு ஒரு பாதியை ஓலையில் முடைந்த கொட்டானில் போட்டுச் சாமி காலடியில் வைப்பார், மறுபாதியை வீட்டில் இருக்கிறவர்கள் தின்பார்கள், எல்லோரும் வீட்டோடு இருந்தால் முழு ரொட்டியாக வைக்க வேண்டும் என்றேன். செத்தவங்களுக்கும் பிடுவாங்களா அத்தை என்று கேட்டாள். செத்தவங்களுக்குப் பிடறதில்லம்மா, அவங்கதான் போய்ச் சேந்துட்டாங்களே என்றேன். அந்தப் பேச்சு அவளுக்கே ஒருநாள் பலிக்கும் என்று நான் கண்டேனா.

இந்த வருஷம் நீங்கள் போக வேண்டாம், பஸ்ஸில் அலைச்சல் என்று எல்லோரும் சொன்னார்கள், அப்பா கேட்கவில்லை. மில்லில் வேலை பார்த்த காலத்தில் ஷிப்டை மாற்றிக்கொண்டு போனவர், இப்போதா நிற்பார். முந்தின நாளே ரொட்டிக்கடைக்கு உஸைரை அனுப்பி நீள ரொட்டி வாங்கி வைத்துவிட்டார். பிட்டு வைப்பது வீட்டுத் தலைவர் கையால்தான் ஆக வேண்டும், உனக்குத் தெரியும். கோயிலில் நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்துவிட்டேன், அவர் ஆண்கள் வரிசையில் போய் நின்றார். ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு எப்படிப் பிடுவார் என்று எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை பார், என் புத்தியை என்ன சொல்ல. அக்குளில் இடுக்கிப் பிட்டுப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. பின்னால் ஆட்கள் நெருக்க, யாரிடமும் கேட்கவும் கூச்சப்பட்டுக்கொண்டு, அப்படியே முழுசாகக் கொட்டானில் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

பூசை முடிந்து உபதேசியார் எஸ்தாக்கி கொட்டான்களைப் பார்த்துப் பார்த்து வெளியில் இருக்கிற பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொரு பேருக்கும் அந்தந்த வீட்டுக்காரர் வருவான் சாமி, வருவா சாமி என்று பதில் சொன்னார்கள். நம் கொட்டானிடம் வந்தவர் முழு ரொட்டியைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். உன் பேர் இல்லை. என் பக்கத்தில் இருந்த சந்தனமேரி அத்தை என் தொடையைக் கிள்ளி, என்னா அமலோற்பவம், பையன் வந்துட்டானா, எங்க நிக்கிறான் என்று ஆண்கள் பக்கம் தேடினார்கள். என் முகத்தைப் பார்த்ததும் அவர்களுக்கு வேறு நினைப்பு ஓடிவிட்டது. அய்யோ எங்கண்ணன் வீட்டுப் புள்ளையே என்று மார்பில் அடித்துக்கொண்டு ஒரே ஓலம். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் இல்ல இல்ல என்று சொல்வது யார் காதிலும் விழவில்லை.

அப்போது அப்பா காலை இழுத்துக்கொண்டு பீடத்துக்குப் போய் என்னவோ கத்தினார். மகனைப் பறிகொடுத்தவர் அழுகிறார் என்றுதான் ஊர் நினைத்தது, இரண்டு பேர் வந்து தாங்கிப் பிடித்தார்கள். எனக்குப் புரிந்தது. எம்புள்ள பேரு எங்க, எம்புள்ள பேரு எங்க என்று கேட்டுக்கொண்டிருந்தார். மில்லை மூடின அன்றைக்குக்கூட வீட்டுக்கு வந்து பேசாமல் பாயை விரித்துப் படுத்த மனிதர் அவர். நான் எழுந்து ஆண்கள் பக்கத்தைத் தாண்டிப் போய், எம்மவன் உசுரோடதான் இருக்கான், இவரால ரொட்டியப் பிட முடியல என்று பங்குச் சாமியாரிடம் சொல்லிக் கொட்டானை எடுத்தேன். ஒரு நுனியை அவர் இடது கையால் பிடித்துக்கொண்டார், மறுநுனியை நான் பிடித்து இழுத்தேன். சரிபாதியாக வரவில்லை, பெரிய துண்டு உன் பங்குக்குப் போய்விட்டது.

உபதேசியார் உன் பேரைக் கூப்பிட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன், அப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அவருக்கு அந்த ஒரு சொல் வருவதற்கு வெகுநேரம் ஆனது, எச்சில் வழிந்தது, நான் துடைக்கப் போனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் வவான் என்று வந்தது. ஊர் அதைக் கேட்டுக்கொண்டது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அந்தப் பதிலை என்னைச் சொல்ல விட்டிருந்தால் எனக்கு வாய் வந்திருக்குமா தெரியவில்லை. நீ வருவாய் என்கிற நம்பிக்கை எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வருகிறது தம்பி.

சின்னப்பர் பேரப் பிரெஞ்சுல பவுலின்னு வச்சீங்க, பையனும் சாமி மாதிரியே ஆயிட்டான் என்று அத்தை வீடு திரும்பும்போது பழியை என் தலையில் கட்டினார்கள். நீ தனியாக இருப்பதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். துக்கம் உன்னுடையது, சாமியும் உலகம் வேண்டாமென்றுதான் குகைக்குள் போனார். ஆனால் காக்கையைப் பார்த்து அவர் வெளியவே வச்சிட்டுப் போ என்று சொன்னதாக எந்தச் சாமியாரும் பிரசங்கம் வைத்து நான் கேட்டதில்லை. வயசான அந்தோணியார் அவர் குகையைத் தேடிப்போய்த் தட்டினபோதும் சின்னப்பர் முதலில் திறக்கவில்லைதான், தட்டத் தட்டக் கடைசியில் திறந்தாரே. அரிகிருஷ்ணன் தட்டினால் நீயும் திற. அவன் பேசினால் பேசு, இல்லாவிட்டால் சும்மாவாவது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு. குளிரில் வெறுங்காலோடு தரையில் நடக்காதே, உனக்கு உடனே நெஞ்சில் சளி கட்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது சோறு வடி, ரொட்டியும் காப்பியுமாகவே ஓட்டாதே.

அரிகிருஷ்ணன் கொண்டுவருகிற பையில் எலுமிச்சை ஊறுகாயும் கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் இருக்கிறது, துணியில் சுற்றி இருப்பது ரொட்டி. நாங்கள் தின்ன வேண்டிய பாதி அது. அப்பா ஒரு கடி கடித்தார், அப்புறம் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வெயிலில் காயவைக்கச் சொன்னார், அரிகிருஷ்ணன் வந்துபோன பிறகு அவனிடம் கொடுத்துவிடுகிற பையில் அவரே எடுத்துத் திணித்தார். ஓரத்தில் பல் பட்டிருக்கும், அருவருப்புப் படாதே. காப்பியில் நன்றாக ஊறவைத்துச் சாப்பிடு, கல் மாதிரி காய்ந்துவிட்டது. உன் பங்கு கோயிலில் சாமி காலடியில்தான் இருக்கிறது, அதை நீதான் வந்து எடுக்க வேண்டும்.

இன்னொரு தடவை வாதம் வந்தால் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பாவிடம் நான் சொல்லவில்லை, அவருக்கும் தெரிந்துதான் இருக்கிறது. டிக்கெட்டைப் போட்டு ஓடி வா என்று எழுத எனக்கு ஆசைதான், நீ வருவதானால் உன் கால் தானாக வர வேண்டும்.

சின்னப்பர் உன்னைக் காப்பாற்றட்டும், மாதா உன் தலைமாட்டில் இருக்கட்டும். கடைசியில் கோணலாக இருக்கிற சிலுவை அப்பா இடது கையால் உனக்குப் போட்டது. திங்கட்கிழமை உங்கள் ஓட்டலுக்கு லீவாமே, அன்றைக்கு நம் சாயங்கால நேரத்துக்கு ஒரு போன் போடு. என்ன பேசுவது என்று யோசிக்காதே. உனக்கும் பேச வராது, அவருக்கும் பேச்சு வராது, இரண்டு பேரும் சும்மா இருங்கள். நான் போனை அவர் காதில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ப. அமலோற்பவம்

†